கருப்பராயன் சேவலும் அன்னாசிப்பழமும்

அல்ஃபாம், அதாவது கனலில் சுட்ட கோழி, என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. வளைகுடாவில் ஓர் ஓட்டல் சமையலறையில் நான்கு வருடம் கனலோடு கனலாக நின்றுவிட்டு, இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்திருந்தார். இன்றைக்குக் கொழிஞ்சாம்பாறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் கோழி சுற்றிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அப்படியில்லை. எங்களுக்குக் கோழி என்றால் குழம்பு, மிஞ்சிப்போனால் வறுவல். கோழியைச் சுட்டுத் தின்பது காட்டுக்குள் வழி தவறியவன் செய்கிற வேலை என்றுதான் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஒன்பது வயதில் எல்லாம் தெரியும், ஏன் நடக்கிறது என்பதுதான் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவு. மாமாவுக்குத் திரும்பிப் போகப் பிடிக்கவில்லை. பொள்ளாச்சி ரோட்டோரம் எங்களுக்கு ஓடு வேய்ந்த அறை ஒன்று இருந்தது. அதில் அப்பா தேங்காய் கொட்டி வைத்திருந்தார். அந்த அறையைக் கொடுத்தால் மாமா சுட்டகோழிக் கடை போட்டுக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவார். கொடுக்காவிட்டால் லீவு முடிந்ததும் விமானம் ஏறுவார். அம்மா வாரக்கணக்காக அப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அப்பாவோ தேங்காயைத் தவிர வேறு எதையும் பற்றிப் பேசத் தயாராக இல்லை.

அம்மாவுக்குத் தாய் தகப்பன் கிடையாது. தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். அவர் விமானம் ஏறிய நாளிலிருந்து ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்பா அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. மாமா இருந்தால் வீடே வேறு மாதிரி இருக்கும். என்னை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, மலையாளப் பாட்டைத் தமிழ் வார்த்தை போட்டுப் பாடுவார். அவர் போகக் கூடாது என்பதில் நானும் அம்மாவும் ஒரே கட்சி.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு மாமாவைப் பார்த்துச் சொன்னார்.

"செரி மாப்ளே. நாளைக்கு ஞாயித்துக்கெழம. செஞ்சு காட்டு, ஒரு துண்டு தின்னு பாக்கறேன். நல்லா இருந்துதுன்னா பேசலாம். ஆனா ஒண்ணு, அந்த வெள்ளக்கோழி நம்ம ஊட்டுக்குள்ள வரப்படாது. நாட்டுக்கோழிலதான் செய்யோணும்."

மாமா முகத்தில் ஈயாடவில்லை. நாட்டுச் சேவல் குழம்பில் வேகுமே தவிர சுடுவதற்கு ஆகாது, ரப்பர் மாதிரி இழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் கேட்டார். ஆனால் மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆவட்டுங்க மச்சான். ஒரே ஒரு கைதச்சக்க மட்டும் வேணுங்க" என்றார். கைதச்சக்கை என்றால் அன்னாசிப்பழம். எங்கள் ஊரில் தமிழ் பேசுகிறவர்களும் அதை மலையாளப் பெயர் சொல்லித்தான் வாங்குவார்கள். கோழிக்கும் அன்னாசிக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்கவில்லை. ஜெயித்துவிட்ட மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த கேள்வி, எந்தச் சேவல்? வெட்டுகிற வயதில் வீட்டில் இரண்டு சேவல்கள்தான் இருந்தன. ஒரே தாய்க்கோழி அடைகாத்துப் பொரித்த அண்ணன் தம்பிகள். இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே கொண்டை, ஒரே திமிர். அதில் ஒன்றின் காலில் மஞ்சள் துணி கட்டியிருக்கும். அது கருப்பராயன் சாமிக்கு நேர்ந்துவிட்டது. அம்மாவின் நேர்த்தி. எதற்காக என்று அம்மா யாரிடமும் சொன்னதில்லை, நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்பாள். இன்னொன்று ராசா. அவன் என்னுடையவன். குஞ்சாக இருந்ததிலிருந்து என் கையால் கம்பு தின்று வளர்ந்தவன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வேலிப்படல் வரைக்கும் ஓடிவருவான். இந்தக் கதையில் பெயர் உள்ள ஒரே ஆள் அவன்தான், அதிலிருந்தே நான் அவன்மேல் வைத்திருந்த பிரியத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

மஞ்சள் துணி கட்டியதை யாரும் தொட மாட்டார்கள். ஆகவே நாளைக் காலையில் யார் தலை உருளும் என்று கேட்கவே வேண்டாம்.

அழுதிருக்கலாம். அழுதால் அப்பா ஒருவேளை மனம் இரங்கியிருப்பார். ஆனால் சேவல் இல்லையென்றால் கோழி இல்லை, கோழி இல்லையென்றால் கடை இல்லை, மாமா போய்விடுவார். என் மண்டை அன்றைக்கு என்றுமில்லாத வேகத்தில் ஓடியது. இருட்டுவதற்குமுன் கோழிகள் வந்து கூண்டில் அடைகிற நேரம் பார்த்துப் போனேன். சாமி சேவலைப் பிடித்து அதன் காலிலிருந்த துணியை அவிழ்த்தேன். அது சும்மா விடுமா? முழங்கைக்குக் கீழே மூன்று கோடு கிழித்துவிட்டது. ராசா மட்டும் தங்கமாக நின்று காலை நீட்டினான். அவன் காலில் துணியை இரண்டு முடிச்சாகப் போட்டுக் கட்டினேன். நேர்ந்துவிட்ட சேவலை யாரும் தொட மாட்டார்கள் என்றால் அது காலத்துக்கும் சாகாது என்பது என் எண்ணம். கடைசியில் அதைச் சாமி முன்னால்தான் அறுப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அம்மாவும் அப்பாவும் துணியைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள், சாமிக்கு மட்டும் வேறென்ன அடையாளம் இருக்கப்போகிறது?

தவிரவும், கருப்பராயன் இருப்பது பொள்ளாச்சிப் பக்கம். அதாவது தமிழ்நாடு. நாங்கள் இருப்பது கேரளம். வருடம் ஒரு தடவை செக்போஸ்டைத் தாண்டித்தான் கும்பிடப் போவோம். இங்கே கூண்டுக்குள் நடக்கிற சமாச்சாரம் அவ்வளவு தூரம் போய்ச் சேராது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்ததும் காரியம் வேகமாக நடந்தது. அம்மா தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "மஞ்சத்துணி கட்டாததப் புடி மாப்ளே" என்று குரல் கொடுத்தார். மாமா பிடித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டு கிணற்றுப் பக்கம் ஓடிப்போனேன். திரும்பி வந்தபோது அம்மா வெந்நீரில் முக்கிய சேவலைப் பலகையில் போட்டு இறகு பறித்துக்கொண்டிருந்தாள். மளமளவென்று போய்க்கொண்டிருந்த கை, கால் பக்கம் வந்ததும் நின்றுவிட்டது. அம்மா அந்தக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு எழுந்து கூண்டுக்குப் போனாள். மஞ்சள் துணி கட்டிய ராசா அங்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அம்மா திரும்பி வந்து மறுபடியும் பலகைமுன் உட்கார்ந்தாள்.

"உன்ற கையில என்ன புள்ள கீறலு?"

"எலுமிச்ச முள்ளுங்கம்மா."

"எலுமிச்ச முள்ளு மூணு வரியாவா கிழிக்கும்?"

நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. மஞ்சளைப் பூசி, தென்னை ஓலை கொளுத்தி, அந்தத் தீயில் சேவலை முன்னும் பின்னும் வாட்டி, கழுவி மாமாவிடம் கொடுத்தாள். அன்றைக்குக் காலை முழுவதும் அவள் அதிகம் பேசவில்லை. வேலை அலுப்பு என்று நினைத்தேன்.

மாமா சேவலை முதுகுப்பக்கம் பிளந்து, புத்தகம் மாதிரி விரித்து, கத்தியால் ஆழமாகக் கீறினார். பிறகு அந்தப் பழம். தோலைச் செதுக்கி, பாதியைத் துருவிப் பிழிந்தார். கருப்பட்டியைத் தட்டிப் போட்டார். புளிக்கரைசல், இஞ்சி, பூண்டு, அம்மியில் நசுக்கிய காந்தாரி மிளகாய், கொஞ்சம் தேங்காயெண்ணெய், உப்பு. விரலால் தொட்டு என் நாக்கில் வைத்தார். முதலில் இனிப்பு, பின்னாலேயே புளிப்பு, கடைசியில் காந்தாரி வந்து காதில் அடித்தது.

"கைதச்சக்க தின்னா நாக்கு அரிக்குதல்ல கண்ணு? நாம அதத் திங்கறம்னு நெனைக்கறோம், அது நம்மளத் தின்னுட்டு இருக்கும். கறியையும் அதே மாதிரி அரிச்சு மெதுவாக்கிப்போடும். ரெண்டு மணி நேரந்தான். அதுக்கு மேல வெச்சா களி. நான் போன புதுசுல ராத்திரி முச்சூடும் ஊற வெச்சுட்டேன். காலையில பாத்தா எலும்பு தனியா மொதக்குது. அரபி என்னைய அடிக்காத கொற."

அலுமினியச் சட்டியில் ஊறவைத்து, ஈரத்துணி போட்டு மூடினார். கிணற்றடியில் ஹாலோ பிளாக் கற்களை இரண்டு பக்கமும் அடுக்கி, மோட்டார் அறையிலிருந்து கழற்றிய பழைய ஜன்னல் கம்பியைத் தேய்த்துக் கழுவி மேலே வைத்தார். கீழே தேங்காய்ச் சிரட்டைக் கனல். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பொழுது போகாமல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்த அப்பா வாயைத் திறக்கிற வரைக்கும்.

அப்பாவுக்குச் சாமி கதை சொல்வதென்றால் கொள்ளை ஆசை. எங்கிருந்து ஞாபகம் வந்ததோ, நேர்ந்துவிட்ட கிடாயை அடித்துத் தின்ற ஒருவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தின்று கைகழுவவில்லையாம், அதற்குள் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டதாம். சாகிற வரைக்கும் நேராகவில்லையாம். தண்ணீர் குடித்தால் காது வழியாக வருமாம்.

"பொள்ளாச்சிலீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"பொள்ளாச்சில எங்க? இங்க, நம்மூருலதான். கருப்பராயனுக்கு ஏது கண்ணு செக்போஸ்டு? நெனச்சா குதிர ஏறி வந்துருவாரு."

கம்பிமேல் சேவலைப் போட்டு, மாமா தென்னை மட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். கருப்பட்டி உருகிக் கனலில் சொட்டச் சொட்டப் புகை எழும்பியது. அந்த வாசனைக்குப் பக்கத்துத் தோப்பில் தேங்காய் பறிக்க வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எனக்கோ அது மாமாவின் வாயைக் கோணலாக்கப்போகிற வாசனை. சொல்லிவிடலாமா? சொன்னால் அப்பா அந்தச் சேவலை அப்படியே குழி தோண்டிப் புதைக்கச் சொல்வார். அபசகுனம் என்பார். அறையும் போச்சு, கடையும் போச்சு, மாமாவும் போச்சு. சொல்லாவிட்டால் மாமாவின் வாய் போச்சு. நான் மெல்ல அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, நீங்க இதத் திங்காதீங்க மாமா."

"ஏன் சாமி?"

"கெட்டுப்போயிருக்கும்."

"காலைல அறுத்தது மத்தியானத்துக்குள்ள கெட்டுப்போகுமா? உங்கப்பன் சொல்லிக் குடுத்தாரா?" என்று கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாய் நேராகத்தான் இருந்தது.

ஒருவழியாக வெந்தது. அப்பா கைகால் கழுவி, மரத்தடியில் பாய் போட்டு, இலைமுன் உட்கார்ந்தார். மாமா நல்ல தொடைத்துண்டாகப் பார்த்து வெட்டி, தட்டில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பாவை நோக்கி வந்தார். அப்போது அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். நடந்து வந்தாள் என்று சொல்ல முடியாது. நேராக வந்து, தட்டிலிருந்த தொடையைக் கையில் எடுத்து, நின்றபடியே ஒரு கடி கடித்தாள்.

எங்கள் வீட்டில் அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மா சாப்பிடுவாள். விருந்தானால் கடைசிப் பந்தியிலும் கடைசி ஆளாகத்தான் உட்காருவாள், சட்டியில் என்ன மிஞ்சியிருக்கிறதோ அதுதான் அவளுக்கு. அப்படிப்பட்டவள் அப்பாவின் தட்டில் கைவைத்து எடுத்துத் தின்றாள். அதுவும் ஒரு துண்டைக் கிள்ளி ருசி பார்க்கவில்லை. கிணற்றுமேட்டுக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டு, எலும்புவரைக்கும் தின்றாள்.

"என்ன புள்ள இது?" என்றார் அப்பா. கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை.

"உப்புப் பத்துலீங்க" என்றாள் அம்மா. "டேய் தம்பி, எடுத்து மறுபடியும் கம்பி மேல போடு. இன்னுஞ் சித்த நேரம் சுடோணும்."

"வெந்துருச்சுக்கா..."

"சொன்னதச் செய்யிடா. மிச்சம் பாதிக் கைதச்சக்க இருக்குதல்ல, அதையும் வட்டமா அரிஞ்சு சுடு. சும்மா கெடந்து அழுகிப்போறதுக்கு."

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் அக்கா சொன்னபிறகு அவருக்கு மறுபேச்சுக் கிடையாது. சேவலை மறுபடி கம்பிமேல் போட்டார். கனல் அப்போது அடங்கிச் சாம்பல் பூத்திருந்தது. பழத்தை வட்டம் வட்டமாக அரிந்து பக்கத்தில் அடுக்கினார். சட்டியில் மிஞ்சிய மசாலாச் சாற்றில் அம்மா உப்புப் போடச் சொன்னாள். அதைக் கொதிக்கவைக்கச் சொன்னாள். கொதித்ததும் இறகு மாதிரி ஒரு கொத்து ஓலையை நனைத்துக் கறிமேல் பூசச் சொன்னாள். இலை கிழிந்திருக்கிறது, வேறு இலை அறுத்து வா என்று என்னைத் தோப்புக் கோடிக்கு விரட்டினாள். அப்பா எழுந்து போய்விடாமல் இருக்க, தொழுவத்துக் கயிறு, மோட்டார், பால் சொசைட்டி என்று என்னென்னவோ பேச்சுக் கொடுத்தாள். கால்மணி நேரம் ஆயிற்று. அரைமணி நேரம் ஆயிற்று. எங்களையெல்லாம் பட்டினி போட்டுவிட்டுத் தான் மட்டும் ஒரு தொடையைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிற அம்மாவைப் பார்க்க எனக்கு வந்த கோபத்தில் கருப்பராயன்கூட மறந்துபோனார்.

பிறகு அம்மா எழுந்தாள். வாயைக் கொப்பளித்தாள், முகத்தைக் கழுவினாள், முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "செரி, இப்பப் போடு" என்றாள்.

அந்த அரைமணி நேரத்தில் சேவல் வேறு ஏதோவாக மாறிவிட்டிருந்தது. கருப்பட்டி பாகாகி மேலே மினுமினுவென்று ஒட்டியிருந்தது. கறி எலும்பை விட்டு ஒரே இழுப்பில் வந்தது. பழவட்டங்களின் ஓரம் கருகி, நடுவில் தேன் கட்டியிருந்தது. அப்பா ஒரு துண்டை வாயில் போட்டார். பழத்தைப் பிய்த்துக் கறியோடு சேர்த்து இன்னொரு வாய். மாமா தென்னை மட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். அப்பா மூன்றாவது துண்டுக்குக் கையை நீட்டியபோது வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ரூமுத் தேங்காய நாளைக்கே எடுத்துப் போடோணும். மழ வந்தா மொளச்சுப்போகும்."

எங்கள் அப்பா சம்மதம் சொல்கிற அழகு அது. மாமா திரும்பிக்கொண்டு புகை பட்டுவிட்டதாகக் கண்ணைத் துடைத்தார். எனக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும்போல இருந்தது. அதே சமயம் மாமாவும் ஒரு துண்டை எடுத்துக் கடித்துவிட்டாரே என்று உயிர் துடித்தது. என் இலையில் விழுந்த துண்டை நான் தொடவில்லை. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கறியைச் சின்னதாகப் பிய்த்து என் வாய்க்கருகில் கொண்டுவந்தாள்.

"தின்னு. ஒண்ணும் ஆகாது."

காரத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வாய்க்குப் பிறகு எனக்குப் பயமே போய்விட்டது. வாய் கோணினால் கோணட்டும் என்று தோன்றுகிற ருசி. ஆனாலும் ஒரு வாரம் தினமும் காலையில் மாமா பல் துலக்குகிறபோது எதிரில் போய் நின்று அவர் வாயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஏதோ வாங்கிவரச் சொன்னதை மறந்துவிட்டோமோ என்று அவர் தினமும் ஒரு மிட்டாய் வாங்கிவந்தார்.

அடுத்த மாதம் கருப்பராயனைக் கும்பிடப் போனோம். ராசாவைக் கூடையில் போடுவார்கள் என்று அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது, முதல்நாளே காய்ச்சல் வந்துவிட்டது. ஆனால் அம்மா அவனைத் தொடவில்லை. சந்தையில் வாங்கிய சேவல்களைக் கொண்டுவந்தாள். ஒன்றல்ல, இரண்டு. எதற்கு இரண்டு என்று அப்பா கேட்டதற்கு, "வேண்டுதலுங்க" என்று முடித்துவிட்டாள். ராசாவின் காலிலிருந்த துணியும் எப்போதோ ஒரு நாள் காணாமல் போயிருந்தது. அவன் கிழவனாகி, கூவ முடியாமல் கரகரத்து, தன் சாவு செத்தான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். சாமியையும் அம்மாவையும் ஒரே துணியில் ஏமாற்றியவள் இந்தத் தாலுக்காவில் நான் ஒருத்திதான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமாவின் கடை அந்த ஓட்டு அறையில்தான் இன்றைக்கும் இருக்கிறது. இப்போது பக்கத்து அறையும் சேர்ந்துவிட்டது. முதலில் ஒரு தடவை சுட்டு, எடுத்து ஆறவைத்து, சாற்றைக் காய்ச்சிப் பூசி, தணிந்த கனலில் இரண்டாம் தடவை சுடுவார். மேலே கருகிய அன்னாசி வட்டம். அதற்காகவே பொள்ளாச்சியிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். யாராவது கேட்டால், "இது அரபி சொல்லிக்குடுத்ததில்லீங்க, எங்கக்கா சொல்லிக்குடுத்த பக்குவம்" என்பார். அப்பா கல்லாப் பக்கம் உட்கார்ந்துகொண்டு மிச்சக் கதையைச் சொல்வார். புருசன் தட்டிலிருந்து கோழிக்காலைப் பிடுங்கித் தின்ற பொம்பளையைப் பார்த்திருக்கிறீர்களா என்று ஆரம்பிப்பார். வீட்டில் எந்த விசேஷமானாலும் இந்தக் கதை வந்துவிடும். இலை போட்டதும், "மொதல்ல அவளுக்கு வெச்சிருங்க, இல்லீன்னா பிடுங்கிப்போடுவா" என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கும். அம்மாவும் எங்களோடு சேர்ந்து சிரிப்பாள்.

போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தபோது, அம்மாவும் நானும் மட்டும் வீட்டில் இருந்த ஒரு மத்தியானம், பேச்சுவாக்கில் அந்தத் துணி விஷயத்தைச் சொன்னேன். அம்மா திடுக்கிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"எப்படிம்மா தெரியும்?"

"கோழிய வளத்தவளுக்குத் தெரியாதா? சாமி சேவலுக்குக் கால்வெரலு ஒண்ணு கோணலு. குஞ்சுல கதவு விழுந்து நசுங்கிப்போச்சு, நாந்தான் ஈர்க்குச்சி வெச்சுக் கட்டுனேன். எறகு பறிக்கறப்பவே தெரிஞ்சு போச்சு. உசுரு போனதுக்கப்புறம் என்ன பண்றது? சொன்னா உங்கப்பா எந்திரிச்சுப் போயிருவாரு. உங்க மாமன் ஏரோப்ளேன் ஏறியிருவான். அவன் இங்கியே இருக்கோணும்னுதான அந்தச் சேவலையே நேந்து உட்டேன்."

கீழே சிதறிக்கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"அப்புறம் எதுக்கும்மா தெரிஞ்சே மொதல்ல தின்னீங்க?"

"என்ன கேள்வி கேக்கற போ" என்றாள். உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "சாமிக்குக் கோவம் வந்தா, மொதல்ல தின்னவளோட போவட்டும்னுதான். ஒரு தொட முழுசாத் தின்னேன். அரைமணி நேரம் பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆவுல. அதுக்கப்புறந்தான் உங்களுக்குப் போட்டேன்."

அன்றைக்கு அந்தக் கிணற்றுமேட்டுக் கல்லில் அவள் தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது நான் பத்தடி தூரத்தில்தான் நின்றேன். அவள் எதற்குக் காத்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், எனக்குப் பசித்தது, அம்மா எனக்கு முன்னால் தின்றுவிட்டாள். தோப்புக் கோடியிலிருந்து இலையைக் கொண்டுவந்து அவள்முன் வீசிப் போட்டுவிட்டு, "நீங்களே எல்லாத்தையும் தின்னுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.